வீதி சொல்லும் சொல்

ஆனையிறவைக் கடந்து யாழ்ப்பாணம் நோக்கிச் செல்லும் கண்டி வீதியிலே, தென்னந்தோட்டங்களின் நடுவே அமைந்த ஊர் பளை. போர்க்காலத்தில் நெடுநாள் அடைபட்டும் சிதைந்தும் கிடந்த அவ்வீதி, 2009ஆம் ஆண்டின் பின்னர் புதிதாகச் செப்பனிடப்பட்டது. பயணம் எளிதாயிற்று, நோயாளியும் விரைவில் வைத்தியசாலையை அடைகின்றார். இது பெரும் பேறே. ஆனால், வீதி திருந்தினால் விபத்தும் தானே குறைந்துவிடும் என்று எண்ணுதல் பொருந்தாது. காரணம் யாது?

வீதி ஊமையன்று, சாரதியோடு அது இடைவிடாது பேசுகின்றது. குண்டும் குழியும் "மெல்லச் செல்" என்றன. அகன்று நேராக நீளும் தார் வீதியோ "விரைந்து செல்" என்கின்றது. ஆனையிறவின் வெட்டவெளியில் விரைந்து பழகிய கண்ணுக்கு, ஊருக்குள் வந்த பின்னரும் அவ்வேகம் மிதமாகவே தோன்றும். வீதியோரத்துப் பலகை ஒன்றைச் சொல்ல, வீதி வேறொன்றைச் சொல்கின்றது. சாரதி பெரும்பாலும் வீதியின் சொல்லையே கேட்கிறான்.

மணிக்கு 72 கிலோமீற்றர் வேகத்திற் செல்லும் வண்டி, ஒரு விநாடியில் 20 மீற்றர் ஓடிவிடும். மாடொன்று குறுக்கிடக் கண்டு பிரேக்கை மிதிக்க ஒரு விநாடி செல்லுமாயின், அந்த 20 மீற்றரும் வேகம் குறையாமலே கழியும். மேலும், வேகம் இருமடங்கானால், பிரேக் பிடித்தபின் வண்டி நிற்பதற்கு வேண்டிய தூரம் நான்கு மடங்காகும். சைக்கிளில் பள்ளிக்கூடம் செல்லும் சிறுவன் இக்கணக்கை அறிவானா? வரும் வண்டியின் வேகத்தை மதிப்பிடும் ஆற்றல் சிறுவர்க்குக் குறைவு என்பதை நாம் மறத்தலாகாது.

ஆதலால், ஊரின் எல்லையிலேயே வீதியின் தோற்றம் மாறவேண்டும். நடுத்திட்டு அமைத்து வண்டி செல்லும் வழியை ஒடுக்கலாம். சந்தியிலே வட்டச்சுற்று அமைத்தால், எவரும் வேகந் தணித்தே திரும்புவர். நேருக்கு நேர் மோதலும் அரிதாகும். சைக்கிளுக்கும் நடப்போர்க்கும் ஓரத்திற் தனி இடம் வேண்டும். பஸ் தரிப்பிடம் ஓடுபாதையினின்றும் விலகியிருத்தல் நன்று.

மனிதர் தவறு செய்வர். ஆயினும் அத்தவறுக்கு உயிர் விலையாதல் ஆகாது என்னும் கொள்கையைச் சுவீடன் நாட்டுப் பாராளுமன்றம் 1997ஆம் ஆண்டில் ஏற்றது. சாரதியின் பொறுப்பை இது நீக்குவதன்று. வீதி சமைப்போரையும் அப்பொறுப்பிற் பங்குகொள்ளச் செய்வதாகும்.

போரிலே எத்தனையோ உயிர்களை இழந்த மண் இது. எஞ்சியோர் நடக்கும் வீதி, அவர்களைக் காக்கும் வீதியாகவும் அமைதல் வேண்டும்.