நா. கோவிந்தசாமி: கதையும் கணினியும்

இந்த அறக்கட்டளைச் சொற்பொழிவுக்குப் பொருளைத் தேர்ந்துகொள்ளும் உரிமையை எனக்கே விட்டுவிட்டார்கள். சிங்கப்பூர் எழுத்தாளர் நா. கோவிந்தசாமியைப் பற்றிப் பேச நெடுநாளாக எனக்கு ஆசை. அந்த ஆசை இன்று நிறைவேறுகிறது.

அவர் பெயரைக் கேட்டதும் 'தமிழ் இணையத்தின் தந்தை' என்ற பட்டம்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். அந்தப் பட்டத்தில் எனக்கு முழு உடன்பாடு இல்லை. கணினித் தமிழ் பல நாடுகளில் பலர் கண்விழித்து வளர்த்த பிள்ளை. கனடாவில் சீனிவாசன் 'ஆதமி' என்ற தமிழ் மென்பொருளைச் செய்தார். மலேசியாவில் முத்து நெடுமாறன் 'முரசு அஞ்சல்' மென்பொருளைச் செய்தார். சுவிட்சர்லாந்திலிருந்து கல்யாணசுந்தரம் 'மயிலை' எழுத்துருவைத் தந்தார். இவர்களோடு வைத்துப் பார்க்கும்போதுதான் கோவிந்தசாமியின் தனித்தன்மை புலப்படும். அவர் அடிப்படையில் கதைக்காரர், தொழிலால் தமிழாசிரியர். கணினிக்கு அவர் வந்தது இவ்விரண்டின் தேவைக்காக.

1946இல் சிங்கப்பூரில் பிறந்தவர். பள்ளி ஆசிரியராக இருந்து, பின்னர் தேசியக் கல்விக் கழகத்தில் தமிழாசிரியர்களைப் பயிற்றுவிக்கும் விரிவுரையாளரானார். சிங்கப்பூர்த் தமிழரின் வாழ்வே அவர் கதைகளின் களம். 'தேடி' அவருடைய சிறுகதைத் தொகுப்பு. 'இலக்கியக் களம்' அமைப்பின் வழியாக, வெளிவரும் கதைகளைப் பாராட்டோடு நிறுத்தாமல் அலசிப் பார்க்கும் பழக்கத்தை அங்கே வளர்த்தார். 1994இல் தென்கிழக்காசிய எழுத்தாளர் விருது பெற்றார்.

இனி விசைப்பலகைக்கு வருகிறேன். இதில் சற்று நின்று நிதானிக்க வேண்டும்.

பழைய தமிழ்த் தட்டச்சுப் பொறியில் 'கொ' என்ற எழுத்தை எப்படி அடித்தோம்? முதலில் கொம்பு, பிறகு க, பிறகு கால். தாளில் இடமிருந்து வலமாக எந்த வடிவம் வருகிறதோ அந்த வரிசை. இரும்பு அச்சுக்கு வேறு வழியில்லை. கணினி வந்த பிறகும் பலர் அதே வரிசையை அப்படியே அதற்குள் கொண்டுபோனார்கள். ஆனால் வகுப்பில் குழந்தைக்கு நாம் கற்பிப்பது வேறு. க் என்ற மெய்யோடு ஒ என்ற உயிர் சேர்ந்தால் கொ. பன்னிரண்டு உயிரும் பதினெட்டு மெய்யும் தெரிந்தால் உயிர்மெய் முழுவதும் கைக்கு வந்துவிடும் என்பது தொல்காப்பியம் தொட்டு வரும் அறிவு. அந்த ஒலிமுறையையே விசைப்பலகைக்கும் அடிப்படையாக்க வேண்டும் என்று நின்றவர் கோவிந்தசாமி. அவர் உருவாக்கிய மென்பொருளுக்குக் 'கணியன்' என்று பெயர். ஆசிரியர் ஒருவரின் மனம்தான் இப்படிச் சிந்திக்கும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அந்த ஒலிமுறை பின்னர் தமிழ்நெட்99 விசைப்பலகையில் நிலைபெற்றது. உயிரெழுத்துகள் இடக்கையில், மெய்கள் பெரும்பாலும் வலக்கையில். 'அம்மா' என்று அடிக்க அ, ம, ம, ஆ என நான்கு தட்டு போதும். முதல் மகரத்தின் தலையில் புள்ளி தானாக விழும். 'பந்து' என்பதற்கு ப, ந, த, உ. நகரத்தை அடுத்துத் தகரம் வந்தால் நடுவில் புள்ளி வேண்டும் என்பது அந்த நிரலுக்குத் தெரியும். தமிழில் எந்த மெய்யோடு எந்த மெய் மயங்கும் என்ற இலக்கணம் அதற்குள் இருக்கிறது. ஐபோனில் தமிழ்99 என்ற பெயரில் இருப்பதும் இந்த விசைப்பலகைதான்.

இனி இணையம். 1995 அக்டோபரில் சிங்கப்பூரின் நான்கு ஆட்சிமொழிக் கவிதைகளும் வைய விரிவு வலையில் ஏற்றப்பட்டன. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் டான் டின் வீ குழுவோடு சேர்ந்து தமிழ்ப் பகுதிக்கு உழைத்தவர் கோவிந்தசாமி. அதிபர் ஓங் டெங் சியோங் தொடங்கிவைத்தார். இணையத்துக்குள் தமிழ் பெருமிதத்தோடு நுழைந்த தருணங்களுள் ஒன்று அது. அது கவிதையைக் கொண்டு நுழைந்தது என்பதை நினைக்கும்தோறும் என் நெஞ்சு நிறைகிறது.

அந்நாளில் எழுத்துருக் குழப்பம் பெரிது. ஒரு செய்தித்தாளின் தளத்தைப் படிக்க ஓர் எழுத்துரு, அடுத்ததற்கு இன்னொன்று. சென்னையில் அடித்த மடல் சிங்கப்பூரில் பொருளற்ற குறிகளாக விரியும். எல்லா மொழிகளுக்கும் பொதுக் குறியீடான ஒருங்குறி (யூனிகோடு) 1991லேயே தமிழுக்கு இடம் ஒதுக்கியிருந்தும் அன்றாடக் கணினிகள் அதைத் தாங்கவில்லை. அந்தக் காலத்தில்தான், 1997இல், சிங்கப்பூர் அரசு பள்ளிகளுக்கெல்லாம் கணினிக் கல்விப் பெருந்திட்டம் கொண்டுவந்தது. தமிழைத் தட்டச்ச ஒழுங்கான வழியில்லை என்றால் தமிழ் வகுப்பு மட்டும் கணினி அறைக்கு வெளியே நின்றிருக்கும். அதே ஆண்டு மே மாதம் கோவிந்தசாமியின் முன்முயற்சியில் சிங்கப்பூரில் தமிழ்நெட்'97 கருத்தரங்கு கூடியது. தனித்தனியே உழைத்த பல நாட்டு வல்லுநர்கள் ஒரே கூரையின்கீழ் வாதிட்டார்கள். அதன் தொடர்ச்சியாக 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ்நெட்'99 நடந்தது.

அவ்வாண்டே, 1999 மே மாதம், கோவிந்தசாமி காலமானார். வயது 53. அடுத்த மாதம் தமிழ்நாடு அரசு தமிழ்நெட்99 விசைப்பலகையைத் தரமாக ஏற்றது. 2000 ஜூலையில் சிங்கப்பூரில் கூடிய மாநாட்டில் உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றமான 'உத்தமம்' அமைப்பு பிறந்தது. இவ்விரண்டையும் அவர் காணவில்லை.

இந்த அறக்கட்டளையிடம் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். ஒருங்குறிக்கு முந்திய குறியீடுகளில் அடித்த எழுத்து இன்றைய கணினியில் நேராகத் திறக்காது. மாற்றி எழுதினால்தான் படிக்க முடியும். சிங்கப்பூர், மலேசிய எழுத்தாளர்களின் தொண்ணூறுகளின் படைப்புகள் பல அந்தக் குறியீடுகளில் நெகிழ்வட்டுகளில் கிடக்கின்றன. வட்டின் காந்தப்பூச்சுக்கு ஆயுள் குறைவு. இவ்வாண்டின் நிதியில் ஒரு பங்கை அந்த மாற்று வேலைக்கு ஒதுக்குங்கள். கோவிந்தசாமியின் சிறுகதைகளிலிருந்து அதைத் தொடங்கலாம்.