வாசலில் வாகனத் துப்புரவு

மோட்டார் வண்டி கழுவுவதும் ஒரு தொழிலா என்று கேட்பார் இன்றும் நம்மிடையே உளர். லொறியோடு செல்லும் 'கிளீனர்' பையனையும், பெரிய வளவுகளில் அதிகாலையில் வாளியும் துணியுமாக நிற்கும் சாரதியையும் மனத்திற் கொண்டு எழும் கேள்வி அது. கருவிகளை ஒரு சிறு வானிலோ முச்சக்கர வண்டியிலோ ஏற்றிக்கொண்டு, வாடிக்கையாளரின் வாசலுக்கே சென்று, அவருடைய வண்டியை உள்ளும் புறமும் துப்புரவு செய்து கொடுப்பது இப்பொழுது தனித் தொழிலாக வளர்ந்து வருகின்றது. ஆங்கிலேயர் இதற்கு வழங்கும் பெயர், எசமானின் உடைகளைப் பேணும் பணியாளனைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து பிறந்தது. உடையைத் துவைப்பது வேறு, பேணுவது வேறு. துவைப்பதற்கு எவரும் போதும். பேணத் தெரிந்தவனுக்கே கூலி உண்டு.

இலங்கையில் இத்தொழிலுக்கு ஒரு தனிக் காரணமும் வந்து சேர்ந்தது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வழி திறந்தது 2025 பெப்ரவரியிலேயாம். இடையிலிருந்த ஐந்தாண்டுக் காலத்திலே, பழைய வண்டியை விற்றுப் புதியதை வாங்கலாம் என்றிருந்தவர்கள் பழையதையே கண்ணுக்குள் வைத்துக் காக்க வேண்டியவராயினர். வாசலில் நிற்கும் பழைய வண்டி சிலருக்கு வீட்டுக்கு அடுத்த பெருஞ்சொத்தாயிற்று. அத்தகைய சொத்தின்மீது கைவைக்க ஓர் இளைஞன் முன்வருகின்றான் எனில், அவன் முதலிற் கற்க வேண்டியது சவர்க்காரத்தைப் பற்றியதன்று, தண்ணீரைப் பற்றியது.

தொடங்குவோர் பலர் எண்ணுவது என்ன? வானில் 500 லீற்றர்த் தாங்கி ஒன்றைப் பொருத்திவிட்டால் எங்கும் சென்று கழுவலாம் என்பதே. ஒரு லீற்றர் தண்ணீரின் நிறை ஒரு கிலோகிராம். ஆகவே அந்தத் தாங்கி நிரம்பினால் அரைத் தொன் பாரம். வானின் வில்லும் பிறேக்கும் அதைத் தாங்க வேண்டும். எரிபொருளும் அதற்கேற்பக் கரையும். தாங்கி பாதி குறைந்ததும் தொல்லை குறைவதில்லை. வளைவுகளிலே தண்ணீர் ஒரு பக்கமாய் ஓடி வண்டியையே சாய்க்கப் பார்க்கும். உள்ளே தடுப்புத் தகடுகள் இல்லாத தாங்கியைச் சுமந்து திரிவது ஆபத்தானது. முச்சக்கர வண்டிக்கோ இது எண்ணிப் பார்க்கவும் தகாத காரியம்.

வழி, மிகுதியாகச் சுமப்பதன்று, குறைவாகச் செலவிடுவது. வீட்டுத் தோட்டக் குழாயைத் திறந்துவிட்டால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 15 லீற்றர் பாயும். பத்து நிமிடம் திறந்திருந்தால் 150 லீற்றர் போயிற்று. அழுத்தத்தோடு நீரைப் பீச்சும் சிறிய மின் இயந்திரம் நிமிடத்துக்கு ஆறேழு லீற்றரோடு நின்றுவிடும். இன்னும் ஒரு முறை உண்டு. வழுக்குந் தன்மை மிக்க ஒரு திரவத்தை ஒரு வாளி நீரிற் கலந்து, மென்மையான துணிகளை அதில் தோய்த்து, ஒரு பகுதியைத் துடைத்ததும் உடனே உலர்த்திக்கொண்டு போவது. மேலே நீர் ஊற்றி அலசும் வேலை இல்லை. சேறு படியாத, தூசு மாத்திரம் படிந்த கார் ஒன்றை 10 லீற்றரிலேயே முடித்துவிடலாம். வெள்ளவத்தையின் மாடிக் குடியிருப்புகளின் கீழ்த்தளத்தில், ஒரு துளி நீரும் ஓடவிடக்கூடாது என்று காவலாளி நிற்கும் இடத்தில், வேலை செய்யத்தக்க முறை இதுவே. ஆயின் சேறும் மணலும் அப்பிய வண்டிக்கு இது உதவாது. முதலில் மண்ணை நீரால் இளக்கி இறக்கிய பின்னரே துணி படவேண்டும்.

ஏன் இவ்வளவு பக்குவம்? வண்டியின் தகட்டின்மேல் உள்ள பூச்சு முழுவதும் சேர்ந்தாலும் ஒரு மில்லிமீற்றரின் பத்திலொரு பங்கை ஒட்டியதே. அதிலும் மேலே பளபளக்கும் நிறமற்ற படை, தலைமயிர் ஒன்றின் தடிப்பைவிடக் குறைந்தது. வலிகாமத்தின் செம்மண் தூசு இதன்மேற் படிந்திருக்கும்போது உலர்ந்த துணியால் 'ஒரு துடை' துடைப்பது, அரத்தாள் கொண்டு தேய்ப்பதற்குச் சமானம். வெயிலில் அந்த வண்டியைப் பார்த்தால் சிலந்தி வலை போன்ற கீறல்கள் தெரியும். அவற்றைப் போக்க 'கட் அன்ட் பொலிஷ்' என்று இயந்திரம் வைத்துத் தேய்க்கிறார்கள். ஒவ்வொரு தேய்ப்பிலும் அந்த மெல்லிய படையில் ஒரு பகுதி போகின்றது; போனது திரும்பி வராது. ஆதலின் கீறாமற் கழுவத் தெரிந்தவன், கீறலை நீக்கத் தெரிந்தவனிலும் மேலானவன்.

முறை எளிது. வாளிகள் இரண்டு: ஒன்றில் வண்டிக்குரிய ஷாம்பூக் கலவை, மற்றதில் வெறும் நீர். கையுறைத் துணி ஒவ்வொரு முறையும் வெறும் நீரில் மண்ணைக் கக்கிவிட்டே ஷாம்பூவிற்குத் திரும்பவேண்டும். கூரையிலிருந்து கீழ்நோக்கி வருக. சில்லுகளுக்கு வேறு தூரிகை, வேறு துணி; பிறேக்கிலிருந்து உதிரும் இரும்புத்துகள் அங்கேதான் படிந்திருக்கும். நிலத்தில் விழுந்த துணி அன்று மீண்டும் வண்டியைத் தொடலாகாது. பாத்திரம் கழுவும் சவர்க்காரம் மலிவானது என்று அதை வாளியில் ஊற்றுவோர் உண்டு. அது அழுக்கோடு மெழுகையும் எடுத்துச் சென்றுவிடும்.

நம்மவர் வழக்கம் ஒன்றையும் இங்கே நினைக்கவேண்டும். புது வண்டி வாங்கினாலும், ஆயுத பூசை வந்தாலும், பொனற்றில் திருநீறும் சந்தனமும் குங்குமமும் இடுவர். அவற்றைக் காய்ந்தபடியே நாட்கணக்கில் விட்டுவிடுவதும் உண்டு. காய்ந்த பொட்டினை நகத்தாற் சுரண்டலாகாது. ஈரத்துணியைச் சிறிது நேரம் அதன்மேற் போட்டு ஊறவிட்டு ஒற்றி எடுக்கவேண்டும். அதற்கு முன் வீட்டாரைக் கேட்டுக்கொள்வது மரியாதை. 'அதை எடுக்க வேண்டாம் தம்பி, அது அம்மன் கோயிற் பொட்டு' என்று அந்த வீட்டு அம்மா சொன்னால், அதனைச் சுற்றித் துடைத்துவிட்டு வருவதே நற்றொழிலாளனுக்கு அழகு.

இனி யாழ்ப்பாணத்துத் தண்ணீரின் குணம். குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றுமில்லை. மழைநீர் சுண்ணக்கல்லின் வெடிப்புகளூடே இறங்கி நிலத்தடியில் தங்குகின்றது. அதுவே கிணறுகளில் ஊறுகின்றது. கல்லைக் கரைத்துக்கொண்டு வரும் இந்நீர் பெரும்பாலும் வன்னீர். வெயிலில் வண்டியைக் கழுவி அப்படியே காயவிட்டால் நீர் ஆவியாகும். சுண்ணாம்பு வெள்ளைப் புள்ளிகளாய் நிற்கும். வாடிக்கையாளர் அந்தப் புள்ளிகளைத்தான் காண்பார். கழுவிய உழைப்பைக் காணமாட்டார். எனவே மாமரத்து நிழலோ போர்ட்டிக்கோவோ தேடி வண்டியை நிறுத்தி, பகுதி பகுதியாகக் கழுவி, ஈரம் காயுமுன் ஒற்றி எடுக்கவேண்டும். மழைநீர் மென்னீர், புள்ளி விடாது. ஐப்பசி கார்த்திகை மாரியிலே கூரைநீரைத் தாங்கியில் பிடித்து மூடி வைத்துக்கொள்பவன், கடைசி அலசலுக்கு மாத்திரம் அதைப் பயன்படுத்தினால், கோடையிற் சில கிழமைகளுக்கு விலையின்றி ஒரு நல்ல சரக்கு அவன் கையில் உண்டு.

கழுவிய நீர் எங்கே போகின்றது என்பதைக் கேட்காதவர் பலர். சுண்ணக்கல் நிலத்தில் ஒரு வளவில் ஊற்றிய எண்ணெய், அடுத்த வளவின் கிணற்றிலே தோன்றக்கூடும். சுன்னாகப் பகுதிக் கிணறுகளில் எண்ணெய் கலந்த விவகாரம் உயர் நீதிமன்றம் வரை சென்று, 2019 இல் தீர்ப்பாயிற்று. அதன் தாக்கத்தை அங்குள்ள குடும்பங்கள் குடத்தோடு பௌசருக்குக் காத்து நின்று அறிந்தன. அது மின்நிலையத்தோடு சம்பந்தப்பட்ட பெரிய விடயம். வண்டி கழுவுபவனின் வாளி சிறிது. ஆனால் வாளிகள் பல. ஆகையால் எஞ்சினைக் கழுவுவதும், அடிப்பாகத்தின் கிறீசை இளக்கி இறக்குவதும் வாசலிற் செய்யத்தக்க வேலைகள் அல்ல. அவை எண்ணெயைப் பிரித்தெடுக்கும் தொட்டி அமைத்த சேர்விஸ் நிலையத்துக்கு உரியவை. அந்நிலையங்களுக்குச் சுற்றாடல் பாதுகாப்பு அனுமதிப்பத்திரம் கேட்பதன் காரணமும் இதுவே. 'இன்னும் 1,000 ரூபா தருகிறேன், எஞ்சினையும் ஒருக்கால் அடித்துவிடும்' என்று கேட்கும் வாடிக்கையாளர் வருவார். அவருக்கு மறுப்புச் சொல்லத் துணிவு வேண்டும். புறத்தைக் கழுவும்போதும் கிணற்றடியை விட்டு விலகியே வண்டியை நிறுத்துதல் வேண்டும்.

உட்புற வேலை நிதானத்தைக் கேட்பது. முதலில் தூசை உறிஞ்சி எடுத்த பின்னரே ஈரம். முறை மாறினால் தூசு சேறாகிவிடும். இருக்கைகளின் கீழே மஞ்சள் நிற இணைப்புகளோடு செல்லும் மின்கம்பிகள் காற்றுப் பைகளைச் சேர்ந்தவை. அவற்றை இழுக்கவோ நனைக்கவோ கூடாது. நம் வீதிகளில் மலிந்த அக்குவா, பிரியஸ் போன்ற கலப்பு மின் வண்டிகளில், பின் இருக்கையின் கீழோ பக்கத்திலோ ஒரு காற்றுத் துவாரம் இருக்கும். பெரிய மின்கலத்தைக் குளிர்விக்கும் காற்று அதன் வழியே செல்கின்றது. அதிற் படிந்த தூசை எடுத்துவிடுவது பெரிய உதவி. அதற்குள் நீரைத் தெளிப்பதோ பெருநட்டத்துக்கு வழி.

பணக் கணக்குக்கு வருவோம். பின்வருவன சந்தை விலைகள் அல்ல. கணக்கிடும் முறையைக் காட்டக் கொண்ட எண்கள். ஒரு கார் துப்புரவுக்கு 3,000 ரூபா, திரவங்களுக்கும் துணிகளுக்கும் 250 ரூபா எனக் கொள்க. ஒருவன் காலையில் சாவகச்சேரியிலும், நண்பகலில் பருத்தித்துறையிலும், மாலையில் மானிப்பாயிலும் வேலை ஒப்புக்கொள்கின்றான். நாளொன்றுக்கு 90 கிலோமீற்றர் ஓட்டம். லீற்றருக்குப் பத்துக் கிலோமீற்றர், பெற்றோல் 300 ரூபா என்றால் எரிபொருள் மாத்திரம் 2,700 ரூபா. மூன்று வண்டிகளில் வந்த 9,000 ரூபாவில் 5,550 ரூபாவே மிஞ்சும். மற்றொருவன் செவ்வாய்க்கிழமை கொக்குவில், புதன்கிழமை நல்லூர் என்று ஒழுங்கைகளைப் பிரித்து வைத்துக்கொண்டு, பத்துக் கிலோமீற்றருக்குள் நான்கு வண்டிகளை முடிக்கின்றான். அவனுக்கு 10,700 ரூபா மிஞ்சுகின்றது. கையிலுள்ள திறமை இருவருக்கும் ஒன்றே. வானை லீசிங்கில் எடுத்தவனாயின் மாதத் தவணையும், இயந்திரத் தேய்மானமும், தன் கூலியும் இதிலிருந்துதான் போகவேண்டும். முதல் ஆண்டில் வானையே வாங்காமல், உள்ள மோட்டார் சைக்கிளில் இரண்டு வாளிகளும், துணிகளும், சிறிய தூசு உறிஞ்சியும் கொண்டு அயலிலுள்ள பத்து வீடுகளில் தொடங்குவது புத்திசாலித்தனம். நகையை ஈடு வைத்துப் பெரிய இயந்திரம் வாங்கித் தொடங்கியவன், மாரி மழையில் வேலை குறையும்போது தவணைக்காகவே எந்த வேலையையும் எந்த விலைக்கும் ஏற்கத் தலைப்படுவான்.

தொழிலின் பெயரைப் பிரதேச செயலகத்திற் பதிந்துகொள்ளுதல் வேண்டும். உள்ளூராட்சிச் சபையின் அனுமதி தேவையா என்பதையும் முன்னரே கேட்டறிதல் நலம். பிறருடைய வண்டியை ஓரடி நகர்த்துவதானாலும் அதற்குக் காப்புறுதி உண்டா என்பதை எழுத்திற் பெற்றுக்கொள்ளுதல் அவசியம். இயன்றவரை உரிமையாளரைக் கொண்டே நகர்த்துவிக்க வேண்டும்.

வேலை தொடங்குமுன் வண்டியைச் சுற்றி வந்து, முன்னரே உள்ள கீறல்களையும் நெளிவுகளையும் உரிமையாளருக்குக் காட்டிக் கைப்பேசியிற் படம் எடுத்துக்கொள்பவனுக்குப் பின்னர் வாக்குவாதம் இல்லை. இருக்கை இடுக்கில் அகப்படும் சில்லறை, மருந்துச் சீட்டு, குழந்தையின் காப்பு எதுவாயினும் ஒரு பையிலிட்டு வீட்டாரின் கையிற் கொடுக்கவேண்டும். ஆண்கள் வேலைக்குப் போய்விட்ட வீடுகளுக்கு முற்பகலிற் செல்ல நேரிடும். சாவியை வாசலிலேயே வாங்கி வாசலிலேயே கொடுத்துவிட்டு வரும் பிள்ளையைப் பற்றி அயலிலுள்ள ஆச்சிமார் நாலு வீட்டில் நல்ல சொல் சொல்வர். விளம்பரப் பலகை அதற்கு ஈடாகாது.

மாரி வந்ததும் வெளிப்புற வேலை குறையும். உட்புற வேலை பெருகும். நனைந்த கால்களும் குடைகளும் ஏறி இறங்கிய விரிப்புகளிற் பூஞ்சணம் பிடித்து நாற்றம் எழும். வாசனைத் திரவத்தைத் தெளித்து அதை மறைப்பது இரண்டு நாளைக்கே. விரிப்பை வெளியே எடுத்து, அதன் கீழுள்ள பஞ்சை அமுக்கிப் பார்த்து, நீர் தேங்கியிருந்தால் உறிஞ்சி எடுத்து, கதவு நான்கையும் திறந்து காற்றோட வைத்து, நன்கு உலர்ந்த பின்னரே திரும்ப இடவேண்டும். இதற்கு அரைநாள் செல்லும்; அதற்குரிய கூலியை முற்கூட்டியே பேசிக்கொள்ள வேண்டும். பஞ்சு மறுபடியும் நனைகின்றது என்றால், கதவின் இறப்பர் விளிம்பு எங்கோ பிய்ந்திருக்கின்றது. அல்லது குளிரூட்டியின் வடிகுழாய் அடைத்திருக்கின்றது. அப்பொழுது அந்த வண்டியைக் கராஜுக்கு அனுப்பச் சொல்லிவிட்டு, அன்றைய கூலியிற் பாதியோடு எழுந்து வருவதே முறை.