காண்டார் திரும்பிய வானம்

கலிபோர்னியா காண்டார் என்று ஒரு பாறுக்கழுகு. சிறகை விரித்தால் ஒன்பதரை அடி! 1982-இல் உலகத்திலேயே மிஞ்சியவை 22. 1987 ஏப்ரலில், காட்டில் கடைசியாகப் பறந்த ஒற்றை ஆண் பறவையையும் வலையில் பிடித்தார்கள். கூண்டுகளில் மொத்தம் 27. வானத்தில் ஒன்றுகூட இல்லை!

அன்றைக்குச் சிலர் சொன்னார்கள்: ‘பிடிக்காதே, மானத்தோடு சாகவிடு.’ சாவதில் என்னய்யா மானம்? அதைச் சுட்டது யார்? இரையில் நஞ்சு வைத்தது யார்? கொன்றவனே இழவு வீட்டு வாசலில் நின்று நியாயம் பேசுவதா? இந்த ஊரிலும் சிலர் இருக்கிறார்கள், பெயர் வேண்டாம். ‘பிணந்தின்னிப் பறவைக்கு எதற்கு இத்தனை பணம்?’ என்கிறார்கள். செத்த மாடு ஓடையோரம் கிடந்து ஊரே மூக்கைப் பொத்தும்போது வந்து கேளுங்கள், பதில் சொல்கிறேன்!

காண்டார் பெரும்பாலும் ஈராண்டுக்கு ஒரு முட்டைதான் இடும். அதை எடுத்துவிட்டால் இன்னொன்று இடும். எடுத்ததைக் கருவியில் பொரிக்கவைத்தார்கள். பிறகு நடந்ததுதான் அதிசயம்! காண்டார் தலை போன்ற பொம்மையைக் கையில் மாட்டி, மறைவில் நின்று குஞ்சுக்கு ஊட்டினார்கள். மனித முகம் அதற்குப் பழகிவிடக் கூடாதாம். சோறூட்டிய கையின் முகம் தெரியாமலே பிள்ளை வளர்ந்தது! அந்தப் பணியாளர்களின் பெயர் எந்தக் கல்வெட்டிலும் இல்லை. எனக்கு அவர்கள்தான் வீரர்கள்.

1992-இல் முதல் பறவைகளைத் திறந்துவிட்டார்கள். கடைசியாகப் பிடிபட்டதே, அந்த ஆண் பறவை, அதுவும் 2002-இல் மலைக்குத் திரும்பியது! இன்று ஐந்நூறுக்கு மேல், பாதிக்கும் அதிகம் வெட்டவெளியில். ஆனால் இன்னும் சாகின்றன. வேட்டையாடியவன் விட்டுப்போன குடலில் ஈயக்குண்டின் துணுக்கு கிடக்கிறது, தின்றால் நஞ்சு. 2019 முதல் கலிபோர்னியாவில் வேட்டைக்கு ஈயத்தோட்டாவே கூடாது. முகத்தை மறைத்து அவர்கள் வளர்த்த பிள்ளையை, குண்டுக்குக் கொடுக்கலாமா?

நம் மாயாற்றுப் பள்ளத்தாக்கிலும் பாறுகள் பிழைத்திருக்கின்றன. நமக்கு ஈயமல்ல, டைக்ளோஃபெனாக். மாட்டுக்கு அந்த வலி ஊசி போட்டு, அது செத்து, பாறு தின்றால் சிறுநீரகம் போய்விடும். கால்நடைக்கு அதை 2006-லேயே தடை செய்தாயிற்று. மனிதனுக்கென்று விற்கும் மருந்து பிறகும் மாட்டுக்குப் போனது. நம்மிடம் கூண்டில் அடைக்காமலே காப்பாற்றக்கூடிய பறவை இன்னும் மிச்சமிருக்கிறது, ஐயா! உங்கள் மாடு படுத்தால் கால்நடை மருத்துவரிடம் வாய்விட்டுக் கேளுங்கள்: ‘டைக்ளோஃபெனாக் வேண்டாம், மெலாக்சிகாம் போடுங்கள்.’