பிணம் எழுந்து வந்தால்தான் நியாயமா?



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம், கொலைக்கதையையும் பேய்க்கதையையும் ஒன்றாய்ச் சேர்த்துப் படம் போட்டு விற்கும் காமிக்ஸ் புத்தகங்களைப் பற்றியதாகும். பேயும் இல்லை, பிசாசும் இல்லை என்று ஊர் ஊராய்ச் சொல்லித் திரிகிற நமக்கு இதில் என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். இவற்றைக் கொளுத்தச் சொல்லத்தான் வந்திருக்கிறோம் என்று வேறு சிலர் எண்ணலாம். நாம் அதற்கு வரவில்லை. பேய் இல்லை என்று நன்றாய்த் தெரிந்தவன்கூடக் காசு கொடுத்து இந்தக் கதையை வாங்கி ஆசையாய்ப் படிக்கிறானே, அது ஏன் என்பதுதான் நமது கேள்வி.

இதற்கு அமெரிக்காவில் நடந்த ஒரு சங்கதியைப் பார்ப்போம். மாக்ஸ் கெய்ன்ஸ் என்பவர் 1940களில் பைபிள் கதைகளைப் படம் போட்டு விற்றார். கம்பெனிக்குக் 'கல்விக் காமிக்ஸ்' என்று பொருள்படும் பெயர் வைத்திருந்தார். 1947இல் அவர் படகு விபத்தில் இறந்ததும், நஷ்டத்தில் கிடந்த வியாபாரம் மகன் வில்லியம் கெய்ன்ஸ் கைக்கு வந்தது. மகன் பெயரைப் 'பொழுதுபோக்குக் காமிக்ஸ்' என்று மாற்றிக்கொண்டு, 1950இல் ஆல் ஃபெல்ட்ஸ்டீன் என்பவரோடு சேர்ந்து பேய்க்கதைப் பத்திரிகைகளையும் 'கிரைம் சஸ்பென்ஸ்டோரீஸ்' என்னும் கொலைக்கதைப் பத்திரிகையையும் தொடங்கினார். ஒரு பிரதி 10 சென்ட். தகப்பனாரின் தெய்வக்கதைக்கு வராத பணம் மகனுடைய பேய்க்கதைக்கு வந்தது.

அந்தப் பேய்க்கதைகள் பலவற்றின் போக்கு ஒன்றுதான். ஒருவன் பணத்துக்காகக் கூட்டாளியைக் கொல்லுகிறான். அல்லது ஒருத்தி சொத்துக்காகப் புருஷனைத் தீர்த்துவிடுகிறாள். போலீசுக்குத் துப்புக் கிடைப்பதில்லை. கொலைகாரன் சுகமாய் இருக்கிறான். கடைசிப் பக்கத்தில் புதைகுழியிலிருந்து பிணம் எழுந்து, அழுகிய கையோடு வந்து கதவைத் தட்டுகிறது!

இதைப் படிக்கிறவனுக்கு ஏன் இவ்வளவு திருப்தி? பிணம் எழும் என்று அவன் நம்புவதனாலா? இல்லவே இல்லை. பணம் உள்ளவனுக்கு வக்கீலும் கிடைப்பான், சாட்சியும் கிடைப்பான், ஏழைக்கு வாய்தாதான் கிடைக்கும் என்பதை அவன் தன் அனுபவத்தில் கண்டிருக்கிறான். கோர்ட்டில் கிடைக்காத தீர்ப்பைக் கதையிலாவது பார்க்க ஆசைப்படுகிறான். கொலைக்கதை அவனுக்கு உலகம் இருக்கிற லட்சணத்தைக் காட்டுகிறது. பேய்க்கதை அவன் மனத்துக்குள் இருக்கிற கோபத்தைக் காட்டுகிறது. இரண்டும் சேர்ந்தால் ருசிக்காமல் என்ன செய்யும்?

"அப்படியானால் நரகத்தில் எண்ணெய்க் கொப்பரை காத்திருக்கிறது என்று சொல்லுவதும் இதுவும் ஒன்றுதானே?" என்று கேட்பீர்கள். ஒரு வித்தியாசம் இருக்கிறது. காமிக்ஸ் பேய் தட்சணை கேட்பதில்லை. அதற்குப் பூசாரி இல்லை. படித்தவன் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு வேலைக்குப் போகிறான். பொய்யைப் பொய் என்று சொல்லி விற்பவனுக்கும், பொய்யை மெய் என்று சொல்லி விற்பவனுக்கும் வித்தியாசம் உண்டா, இல்லையா?

ஆனால் மதத்தலைவர்களுக்கும் பெரிய மனிதர்களுக்கும் இது பொறுக்கவில்லை. பேய்ப் பத்திரிகைகள் வருவதற்கு முன்பே, 1948இல், பிங்காம்டன் முதலிய ஊர்களில் பள்ளிப் பிள்ளைகளைக் கொண்டே காமிக்ஸ் புத்தகங்களைக் குவித்துக் கொளுத்தினார்கள். 1954இல் ஃப்ரெட்ரிக் வெர்தாம் என்ற மனநோய் வைத்தியர், இவற்றால்தான் பிள்ளைகள் கெடுகிறார்கள் என்று புத்தகம் எழுதினார். அவர் கெட்டவர் அல்லர். ஹார்லெமில் கறுப்பின ஏழைகளுக்காக 1946இல் வைத்தியசாலை திறந்தவர். ஆனால் நல்லவர் என்பதனால் அவர் சொன்னதெல்லாம் உண்மையாகிவிடுமா? அவருடைய கைக்குறிப்புகளைப் பரிசோதித்த கேரல் டில்லி என்ற ஆராய்ச்சியாளர், பிள்ளைகள் சொன்னதை அவர் மாற்றியும் கூட்டியும் எழுதியிருக்கிறார் என்று 2012இல் எடுத்துக்காட்டினார்.

1954 ஏப்ரல் 21ந் தேதி செனட் சபையின் கமிட்டி கெய்ன்ஸை விசாரித்தது. அவ்வருஷம் அக்டோபரில் காமிக்ஸ் முதலாளிகள் தாங்களே கூடி ஒரு சட்டதிட்டம் செய்துகொண்டார்கள். அதைக் கவனியுங்கள். நடமாடும் பிணம் கூடாது. ரத்தம் குடிக்கும் பேய் கூடாது. சரி, பகுத்தறிவு வந்துவிட்டது போலும் என்று நினைப்பீர்கள்! அதே சட்டத்தில், போலீசாரையும் நீதிபதிகளையும் சர்க்கார் அதிகாரிகளையும் மரியாதை குறையும்படி காட்டக்கூடாது. எந்தக் கதையிலும் நன்மையே ஜெயிக்கவேண்டும். மதத்தைப் பரிகசிக்கக்கூடாது என்றும் எழுதினார்கள். தகப்பனார் விற்ற பைபிளிலும்தான் செத்தவன் கல்லறையிலிருந்து எழுந்து வருகிறான். அந்தப் பிணத்துக்குத் தடை இல்லை, மகன் விற்ற பிணத்துக்கு மட்டும் தடை!

எப்போதும் நன்மையே ஜெயிக்கும், அதிகாரி தப்பே செய்யமாட்டார் என்பதைவிடப் பெரிய பேய்க்கதை உண்டா? பிணம் எழுந்து வந்ததைக் குழந்தைகூட நம்பாது. இதையோ பெரியவர்களும் நம்புகிறார்களே!

இன்னொன்று கேளுங்கள். கெய்ன்ஸ் கம்பெனி விண்வெளிக் கதைகளும் போட்டு வந்தது. அதில் 1953இல் வந்த ஒரு கதையில், பூமியிலிருந்து ஒருவன் யந்திர மனிதர்கள் வாழும் உலகத்தைப் பார்வையிடப் போகிறான். அங்கே நிறத்தைக் கொண்டு மேல் கீழ் என்று பிரித்து வைத்திருப்பதைக் கண்டு, நீங்கள் இன்னும் திருந்தவில்லை என்று சொல்லித் திரும்புகிறான். கடைசிப் படத்தில் தலைக்கவசத்தைக் கழற்றுகிறான். அவன் கறுப்பின மனிதன். 1956 தேதியிட்ட இதழில் இதை மறுபடி போட முயன்றபோது, தணிக்கை அதிகாரி அந்தக் கறுப்பு முகத்தை மாற்றச் சொன்னார் என்று கெய்ன்ஸும் ஃபெல்ட்ஸ்டீனும் சொல்லியிருக்கிறார்கள். கெய்ன்ஸ் மறுத்து, மாற்றாமலே அச்சிட்டார். அத்தோடு அந்தக் கம்பெனியின் காமிக்ஸ் வரிசையும் முடிந்தது. பிணத்துக்குப் பயந்து செய்த சட்டம் கடைசியில் எந்த முகத்தைக் கண்டு மிரண்டது பார்த்தீர்களா?

அந்தச் சட்டம் 1971இல் தளர்ந்து, 2011இல் ஒழிந்தது. கதைகளோ ஒழியவில்லை. இத்தாலியில் 1986இல் டிசியானோ ஸ்க்லாவி படைத்த டைலன் டாக் என்னும் துப்பறிவாளன், போலீஸ் உத்தியோகத்தை விட்டுப் பேய் பிசாசு வழக்குகளைத் துப்பறிகிறான். 2012 முதல் 2014 வரை எட் ப்ரூபேக்கரும் ஷான் பிலிப்ஸும் சேர்ந்து அமெரிக்காவில் 'ஃபடால்' என்ற கதையை 24 இதழ்களாக வெளியிட்டார்கள். அதில் மூப்படையாத ஒரு பெண். அவளைக் கண்ட ஆண்கள் மதிமயங்கிக் கெடுகிறார்கள். ஆண் செய்த குற்றத்துக்குப் 'பெண்ணின் மாயை' என்று பழி போடுவது பழைய பாட்டு. ஆனால் இந்தக் கதையில் அவள் அந்தச் சக்தியைக் கேட்டு வாங்கியவள் அல்ல, அதனால் அவதிப்படுகிறவள். பழைய பொய்யையே திருப்பிப் போட்டு, பழி யார்மேல் என்று கேட்கவைக்கிறது.

நாம் வைக்கவேண்டிய உரைகல் இதுதான். படித்து முடித்தபின் குற்றம் மனிதன்மேல் நிற்கிறதா, பேயின்மேல் போகிறதா? மனிதனுடைய பேராசையும் கொடுமையும் கண்ணுக்குத் தெரிகிறது என்றால், அதில் பத்துப் பேய் இருந்தாலும் அது பகுத்தறிவுக்கு விரோதமல்ல. எல்லாம் பேய் செய்த வேலை என்று மனிதனைத் தப்பவிட்டால், அச்சு எவ்வளவு நேர்த்தியாய் இருந்தாலும் அது வேப்பிலை அடிக்கிற வேலைதான்.

இதிலும் ஓர் எச்சரிக்கை உண்டு. கதையில் நியாயம் கிடைத்த திருப்தியோடு தூங்கிவிடக்கூடாது. எந்தப் பிணமும் எழுந்து வரப்போவதில்லை. செத்தவனுக்காகச் சாட்சி சொல்லவேண்டியவனும், கோர்ட்டில் கேள்வி கேட்கவேண்டியவனும், கெட்ட சட்டத்தை மாற்றவேண்டியவனும் உயிரோடிருக்கிறவனே.

ஆகவே தோழர்களே, பிள்ளைகள் கையிலிருந்து புத்தகத்தைப் பிடுங்காதீர்கள். கூட உட்கார்ந்து படியுங்கள். "அந்தப் பிணம் ஏன் எழுந்து வரவேண்டியதாயிற்று? போலீசும் கோர்ட்டும் என்ன செய்துகொண்டிருந்தன?" என்று கேளுங்கள். பதில் சொல்லப் பழகிய பிள்ளை பேய்க்கும் பயப்படாது, பேயைக் காட்டிப் பிழைக்கிறவனுக்கும் பயப்படாது என்று சொல்லி, இவ்வளவோடு முடித்துக்கொள்ளுகிறோம்.