பொதுச் சந்தையும் பிரிட்டிஷ் தொழிலாளரும்



ஒற்றுமை என்ற சொல்லுக்குத் தனி மதிப்பு உண்டு. அதனைக் கேட்ட அளவிலேயே நல்லதென்று ஏற்றுக்கொள்கிறோம். இருபெரும் போர்களில் கோடிக்கணக்கான உயிர்களை இழந்த ஐரோப்பாவில், பகை நாடுகள் கைகோத்து ஒரு பொருளாதாரக் கூட்டை அமைத்தன. உலகத் தொழிலாளர் ஒன்றுபடவேண்டும் என்று முழங்கிவந்த தொழிலாளர் இயக்கம் அதனை வரவேற்றிருக்கவேண்டும் அன்றோ? பிரிட்டனில் நடந்ததோ வேறு. அந்நாட்டுத் தொழிற்சங்கத்தாரில் பெரும்பாலோர் நெடுங்காலம் அக்கூட்டில் சேர்வதை எதிர்த்தனர். நான் வரலாறு கற்பித்த நாளில், இது முரண் அல்லவா என்று மாணவர் பலர் என்னைக் கேட்டதுண்டு. அதற்குரிய விடையை இன்று ஆராய்வோம்.

1950ஆம் ஆண்டு மே 9ஆம் நாள், பிரெஞ்சு வெளிநாட்டமைச்சர் ராபர்ட் ஷூமான் ஒரு திட்டத்தை வெளியிட்டார். பிரான்சு, ஜெர்மனி ஆகிய நாடுகளின் நிலக்கரியையும் எஃகையும் ஓர் உயர் அதிகார மன்றத்தின்கீழ் வைப்பது. பிற நாடுகளும் அதில் சேரலாம் என்பது அத்திட்டம். போர்க்கருவி செய்வதற்கு வேண்டிய பொருள்கள் பொதுவாகிவிட்டால் போர் மூளாது என்பது அதன் கருத்து. பிரான்சு, மேற்கு ஜெர்மனி, இத்தாலி, பெல்ஜியம், நெதர்லாந்து, லக்சம்பர்க் ஆகிய ஆறு நாடுகள் இசைந்தன. இவையே 1957இல் ரோம் உடன்படிக்கையில் கையொப்பமிட்டு, பொதுச் சந்தை எனப்பட்ட ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தை நிறுவின.

அப்போது பிரிட்டனை ஆண்டது அட்லி தலைமையிலான தொழிற்கட்சி. தலைமுறை தலைமுறையாகத் தனியார் முதலாளிகளின்கீழ் உழைத்த சுரங்கத் தொழிலாளர், 1947 ஜனவரி முதல் நாளன்றுதான் சுரங்கங்கள் நாட்டுடைமையானதைக் கண்டனர். வாக்குச்சீட்டால் பெற்ற வெற்றி அது. மூன்றே ஆண்டுகளில் அந்த உரிமையைக் கடலுக்கு அப்பாலுள்ள ஒரு மன்றத்தினிடம் ஒப்படைப்பதா? தவறு செய்யும் அமைச்சரை அடுத்த தேர்தலில் நீக்கலாம். அந்த மன்றத்தாரை நீக்குவது எங்ஙனம்? டர்ஹாம் சுரங்கத் தொழிலாளர் இதற்கு இசையமாட்டார்கள் என்று அமைச்சர் ஹெர்பர்ட் மோரிசன் சொன்னதாகக் கூறுவர்.

இரண்டாவது காரணம் உணவு. நியூசிலாந்திலிருந்து வெண்ணெயும் கானடாவிலிருந்து கோதுமையும் மலிவாகப் பிரிட்டனுக்கு வந்துகொண்டிருந்தன. அவ்விலைக்கு விற்பதால் உள்நாட்டு உழவர்க்கு நேர்ந்த இழப்பை அரசு தன் கருவூலத்திலிருந்து ஈடுசெய்தது. பொதுச் சந்தையின் முறை இதற்கு நேர்மாறானது. அயல்நாட்டு உணவின்மீது தீர்வை விதித்து, அதன் விலையை உள்நாட்டு விலையளவுக்கு உயர்த்துவது அதன் வழி. இவ்விரண்டிற்கும் உள்ள வேறுபாட்டை உற்று நோக்குங்கள். முன்னைய முறையில் உழவரைத் தாங்கும் செலவு வரிப்பணத்திலிருந்து வந்தது. வருவாய் மிக்கவர் மிகுதியாக வரி செலுத்தினர். பின்னைய முறையிலோ அச்செலவு ரொட்டியின் விலையிலும் வெண்ணெயின் விலையிலும் ஏறியது. வருவாயில் பெரும்பகுதியை உணவுக்கே செலவிடும் ஏழைக் குடும்பத்தையே அச்சுமை மிகுதியாக அழுத்தும். ஆகவே, தொழிலாளியின் அச்சம் அயலார்மீது கொண்ட வெறுப்பினால் மட்டும் எழுந்ததன்று. அடுக்களைக் கணக்கிலிருந்தும் எழுந்தது.

1961இல் மாக்மில்லன் அரசு சேர்வதற்கு விண்ணப்பித்தது. மறு ஆண்டு அக்டோபரில், பிரைட்டன் நகரில் நடந்த தொழிற்கட்சி மாநாட்டில், அதன் தலைவர் ஹ்யூ கெயிட்ஸ்கல் அதனை எதிர்த்துப் பேசினார். காமன்வெல்த் நாடுகளைக் கைவிடலாகாது என்பதும் அவர் வாதங்களுள் ஒன்று. தம் துணிக்கும் தேயிலைக்கும் இருந்த சந்தை சுருங்குமோ என்று அந்நாளில் இந்தியாவும் கவலை கொண்டிருந்தது. பிரெஞ்சு அதிபர் டி கால் 1963இலும் 1967இலும் பிரிட்டனுக்குக் கதவை அடைத்தார். இறுதியில், எட்வர்டு ஹீத் ஆட்சியில், 1973 ஜனவரி முதல் நாள் பிரிட்டன் உறுப்பு நாடாயிற்று.

இயக்கத்தில் மாற்றுக் கருத்தே இல்லையென எண்ணிவிடாதீர்கள். 1971 அக்டோபரில் தொழிற்கட்சி உறுப்பினர் 69 பேர் கட்சிக் கட்டளையை மீறிச் சேர்வதற்கு ஆதரவாக வாக்களித்தனர். பெரிய கம்பெனிகள் எல்லை கடந்து வளரும் காலத்தில் தனித்து நிற்கும் அரசு அவற்றை அடக்கவியலாது என்பது அத்தரப்பினரின் வலுவான வாதம். 1975 ஜூன் 5ஆம் நாள் நாடு முழுதும் வாக்கெடுப்பு நடந்தது. பிரதமர் வில்சன் நீடிக்கவேண்டும் என்றார்; தொழிற்சங்கப் பேரவையும், கட்சியின் தனி மாநாடும், அவருடைய அமைச்சர்களான டோனி பென், மைக்கேல் ஃபூட், பார்பரா காசில் ஆகியோரும் விலகவேண்டும் என்றனர். வாக்களித்தோரில் ஏறக்குறைய மூன்றில் இருவர் நீடிப்பதையே ஆதரித்தனர்.

அதன்பின் காற்றுத் திசை மாறியது. விலகுவோம் என்று அறிவித்துத் தேர்தலுக்குச் சென்ற தொழிற்கட்சி 1983இல் படுதோல்வியுற்றது. தாட்சர் அரசு சட்டங்களால் சங்கங்களின் கைகளைக் கட்டியது. 1988 செப்டம்பரில், போர்ன்மத்தில் கூடிய தொழிற்சங்கப் பேரவைக்கு ஐரோப்பிய ஆணையத் தலைவர் ஜாக் டெலோர் வந்தார். பொதுச் சந்தையோடு தொழிலாளர் உரிமையும் வளரவேண்டும் என்று எடுத்துரைத்தார். உள்நாட்டில் கிட்டாத காப்பு அங்கே கிட்டும் என்ற நம்பிக்கை பிறந்தது. 2016 வாக்கெடுப்பில் பேரவை நீடிப்பதையே ஆதரித்தது. ஆயினும் 51.9 விழுக்காட்டினர் விலகுவதற்கு வாக்களித்தனர். பழைய சுரங்க நாடான டர்ஹாமும் அவ்வாறே வாக்களித்தது. 2020 ஜனவரி 31ஆம் நாள் பிரிட்டன் வெளியேறியது.

இயக்கத்தின் விடை மாறியது, வினா மாறவில்லை. நம் கூலியையும் உணவையும் உரிமையையும் தீர்மானிப்பவர் யார்? அவர் தவறினால் அவரை மாற்றும் ஆற்றல் நமக்கு உண்டா? 1950இல் அவ்வாற்றல் தம் நாடாளுமன்றத்தில் இருப்பதாகத் தொழிலாளர் கருதினர். 1988இல் அது அங்கே போதாதென்று உணர்ந்தனர். அன்று எதிர்த்தோரையும் பின்னர் ஏற்றோரையும் மூடர் என்று தள்ளிவிடலாகாது. இருசாராரும் அவ்வினாவை நேர்மையாகவே எழுப்பினர்.

மாணவச் செல்வங்களே, ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பது நம் பழமொழி. கூட்டுறவு வேண்டுமென்று எவர் அழைத்தாலும், வேண்டாமென்று எவர் தடுத்தாலும், சுமையைத் தாங்குவோர் யார், முடிவு செய்வோர் யார், கணக்குக் கேட்கும் உரிமை எவர்க்கு உண்டு என்று வினவுங்கள். அங்ஙனம் வினவக் கற்றுக்கொள்வதே வரலாற்றுக் கல்வியின் பயன்.