கூலி வழக்குக்கு வக்கீல் எங்கே?

(வேதாரண்யத்தில் நடைபெற்ற கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

  

எனக்குத் தரப்பட்ட தலைப்பு, 'சட்டக் கல்வியும் சமுதாயமும்'. இந்தத் தலைப்பில் பேசுகிறவர்கள் வழக்கமாக எத்தனை இடம், எத்தனை சதவீதம் என்று ஆரம்பிப்பார்கள். நான் கூலியிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

1930-ஆம் ஆண்டு ஏப்ரலில் திருச்சியிலிருந்து நடந்து வந்து ராஜாஜி உப்பு அள்ளியது இந்த மண்ணில்தான். அந்த ஒரு கைப்பிடி உப்பைப் பற்றி எத்தனையோ மேடைகளில் பேசிவிட்டோம். அகஸ்தியன்பள்ளி உப்பளத்தில் வெயிலில் உப்பு சுமக்கிற பெண்ணின் கூலியைப் பற்றி எத்தனை மேடைகளில் பேசியிருக்கிறோம்? வயலுக்குப் போங்கள். நடவுக்கும் களைக்கும் வருகிறவள் பெண். பொழுதெல்லாம் குனிந்தே நிற்கிறாள். ஆணுக்கு ஒரு கூலி, அவளுக்கு அதைவிடக் குறைந்த ஒரு கூலி. ஏன் என்று கேட்டால், "அது வேறு வேலை, இது வேறு வேலை" என்கிறார்கள். அப்படிச் சொல்கிறவர்களில் நம் ஆட்களும் உண்டு. வியர்வை உலரும் முன் கூலியைக் கொடுக்கச் சொன்ன மார்க்கத்தில் இருந்துகொண்டு சொல்கிறார்கள்!

இந்த "வேறு வேலை" என்ற வாதம் உச்ச நீதிமன்றம் வரை போய்த் தோற்ற வாதம். அதைத்தான் நீங்கள் இன்று தெரிந்துகொள்ள வேண்டும்.

1976-ஆம் ஆண்டிலேயே சம ஊதியச் சட்டம் வந்துவிட்டது. ஒரே வேலைக்கு, அல்லது ஒத்த தன்மையுள்ள வேலைக்கு, ஆண் பெண் என்று பார்த்துச் சம்பளத்தைக் குறைக்கக் கூடாது என்பது அதன் சாரம். பம்பாயில் மெக்கின்னன் மெக்கன்சி என்ற கம்பெனி. அங்கே ஆட்ரி டிகோஸ்டா என்ற பெண் சுருக்கெழுத்தாளர். அதே கம்பெனியில் ஆண் சுருக்கெழுத்தாளர்களுக்குக் கூடுதல் சம்பளம். 1977-இல் அவரை வேலையிலிருந்து நீக்கினார்கள். அவர் சம ஊதியம் கேட்டு வழக்குப் போட்டார். கம்பெனி என்ன சொன்னது? "இந்தப் பெண்கள் பெரிய அதிகாரிகளின் அந்தரங்கச் சுருக்கெழுத்தாளர்கள், அந்த வேலையில் ஆணே கிடையாது, பிறகு யாரோடு ஒப்பிடுவது?" என்றது. "சங்கத்தோடு பேசித்தான் இந்தச் சம்பளத்தை முடிவு செய்தோம்" என்றது. "கொடுக்க எங்களுக்குச் சக்தியில்லை" என்றும் சொன்னது. 1987-இல் உச்ச நீதிமன்றம் மூன்றையும் தள்ளிவிட்டது. பெண்களை மட்டும் ஒரு பக்கம் ஒதுக்கி வைத்துவிட்டு, அங்கே ஆண் இல்லை என்று காரணம் சொல்ல முடியாது. பெயரைப் பார்க்காதே, வேலையைப் பார். சங்கம் கையெழுத்துப் போட்டாலும் சட்டத்துக்கு மேலே அது நிற்காது. பணமில்லை என்பதும் பதிலாகாது.

நம் உப்பளத்திலும் வயலிலும் சொல்கிற சாக்குகள் இவைதானே? ஒரே பாத்தியில் உப்பை வாரிக் குவிப்பவனையும், அதைக் கூடையில் கரையேற்றுகிறவளையும் நிறுத்தி, எது கடினம் என்று யாராவது எடை போட்டிருக்கிறார்களா? 2005-ஆம் ஆண்டுச் சட்டப்படி நடந்த நூறு நாள் வேலையில் ஆணும் பெண்ணும் ஒரே கூலிதானே வாங்கினார்கள்? வானம் இடிந்து விழவில்லையே!

கூலி வழக்கு காசு வழக்கு மட்டுமல்ல, மனித உரிமை வழக்கு என்பதற்கு இன்னொன்று. 1982-இல் டில்லியில் ஆசிய விளையாட்டுப் போட்டிக்காக மைதானமும் மேம்பாலமும் கட்டினார்கள். கட்டியவர்களின் கூலியில் இடைத்தரகர் ஒரு பங்கை எடுத்துக்கொண்டார். பெண்களுக்குக் கிடைத்தது நாளுக்கு 7 ரூபாய். ஜனநாயக உரிமை அமைப்பு ஒன்று நீதிபதி பகவதிக்கு எழுதிய கடிதமே வழக்காக எடுக்கப்பட்டது. குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே கொடுத்து வேலை வாங்கினால் அது கட்டாய உழைப்பு, அரசியல் சட்டம் தடை செய்த குற்றம் என்று தீர்ப்பு வந்தது. அந்தத் தொழிலாளிகள் கோர்ட் வாசலை மிதித்தவர்கள் அல்லர். அவர்களுக்காக வாதாட கோவிந்த முகோட்டி என்ற வக்கீல் இருந்தார்.

இங்கே, நம் மாவட்டத்துக் கீழ்வெண்மணியில் என்ன நடந்தது? கூடுதலாக அரைப்படி நெல் கேட்டதில் மூண்ட பகை, 1968 டிசம்பர் 25 அன்று 44 உயிர்களை ஒரே குடிசையில் எரித்தது. கீழ்க்கோர்ட்டில் தண்டனை பெற்ற மிராசுதார்கள் உயர் நீதிமன்றத்தில் விடுதலையானார்கள். பண்ணையாளுக்கு நல்ல வக்கீல் எவ்வளவு தேவை என்பதை இந்த மாவட்டத்துக்கு வெளியூர்க்காரர் வந்து சொல்ல வேண்டியதில்லை.

அப்படிப்பட்ட வக்கீல் தமிழ்நாட்டில் உண்டா? உண்டு. ஸ்ரீரங்கத்தில் பிறந்த கே. சந்துரு. மாணவர் இயக்கத்தில் வளர்ந்து 1976-இல் வக்கீலானவர். தொழிலாளர் வழக்குகளுக்குப் பேர்போன ரோ அண்டு ரெட்டி அலுவலகத்தில் தொழில் பழகினார். 1993-இல் கம்மாபுரம் போலீஸ் பிடித்துப்போன ராஜாக்கண்ணு என்ற ஏழைத் தொழிலாளி திரும்பி வரவில்லை. தப்பி ஓடிவிட்டான் என்றது போலீஸ். மனைவி வந்து நின்றார். ஆட்கொணர்வு மனுப் போட்டு, கேரளத்திலிருந்த சாட்சிகளைத் தேடிக் கொண்டுவந்து, அது காவல் நிலையக் கொலை என்பதை வெளிக்கொண்டு வந்தார் சந்துரு. காவலர்கள் தண்டனை பெற்றார்கள். இந்த மாதிரி வழக்குகளுக்கு அவர் கட்டணம் வாங்கியதில்லை. 2021-இல் இது சினிமாவாக வந்தது. சினிமா பார்த்துக் கண்ணீர் விட்ட நம் வாலிபர்களில் எத்தனை பேர் சட்டக் கல்லூரிக்கு மனுப் போட்டீர்கள்?

2006-இல் நீதிபதியானார். 2013-இல் ஓய்வு பெறுவதற்குள் சுமார் 96,000 வழக்குகளை முடித்தார். சத்துணவு மையப் பணி நியமனத்தில் இட ஒதுக்கீடு வேண்டும் என்று தீர்ப்பளித்தார். அதனால் தாழ்த்தப்பட்ட பெண்கள் சமையல் கரண்டியைப் பிடிக்க முடிந்தது. வழியனுப்பு விழா வேண்டாம் என்று சொல்லிவிட்டு மின்சார ரயிலில் வீட்டுக்குப் போனார்.

நம் சமுதாயத்தில் ஆளில்லையா? பக்கத்து நாகூரில் பிறந்த மு.மு. இஸ்மாயில் சென்னை உயர் நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியாக இருந்தவர். நெருக்கடி நிலைக் காலத்தில் சென்னைச் சிறையில் நடந்த அடி உதையை விசாரித்தது அவர் தலைமையிலான கமிஷன்தான். அவருக்கு விழா எடுக்கிறோம். பிள்ளைகளை என்ன செய்கிறோம்? பாஸ்போர்ட் வந்ததும் விமானம் ஏற்றி விடுகிறோம். அங்கே சம்பள பாக்கி என்றால் வக்கீல் தேடி அலைகிறோம். பெண் பிள்ளை சட்டம் படிக்கக் கேட்டால், "கோர்ட்டுக்குப் போகிற பிள்ளையை யார் கட்டுவார்கள்?" என்கிறோம். கூலி குறைந்த பெண் தன் குறையை ஒரு பெண் வக்கீலிடம்தான் மனம் திறந்து சொல்வாள் என்பது ஏன் நமக்குத் தோன்றவில்லை?

வேலையைச் சொல்லி முடிக்கிறேன். 1976-ஆம் ஆண்டுச் சட்டத்தின் சாரத்தை 2019-இல் நிறைவேறிய ஊதியத் தொகுப்புச் சட்டம் தனக்குள் எடுத்துக்கொண்டது. பெண்ணாக இருந்தால் போதும், வருமானம் எவ்வளவு என்று கேட்காமல் இலவச வக்கீல் தரச் சட்டப் பணிகள் ஆணைக் குழுவுக்கு 1987-ஆம் ஆண்டுச் சட்டம் கட்டளையிடுகிறது. ஆனால் வெறும் வாய்ப்பேச்சு கோர்ட்டில் நிற்காது. எந்தத் தேதி, எந்த வயல் அல்லது எந்த அளம், எத்தனை மணி நேரம், கூட வேலை செய்த ஆணுக்கு எவ்வளவு, உங்களுக்கு எவ்வளவு என்று ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதி வையுங்கள். எழுதத் தெரியாதவர்களுக்குப் பள்ளிக்கூடம் போகிற பிள்ளை எழுதட்டும். ஒரு மாதக் கணக்கு சேர்ந்ததும், எந்த மதத்துப் பெண்ணாக இருந்தாலும், ஜுமுஆ முடிந்தபின் ஜமாஅத் அலுவலகத்துக்குக் கொண்டு வாருங்கள். தொழிலாளர் துறைக்கு மனு எழுதித் தர இரண்டு வாலிபர்கள் இப்போதே பெயர் கொடுத்திருக்கிறார்கள். இன்னும் நான்கு பேர் வேண்டும்.