சங்கின் மூடிக்கு ஒரு விலை

மீன்வளத் துறையில் பணியாற்றிய ஜேம்ஸ் ஹார்னெல் 1914-இல் இந்தியச் சங்கைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். நம் கொற்கையில் கிடந்த, வாளால் அறுத்த சங்குத் துண்டுகளைப் பற்றி அதில் எழுதியிருக்கிறார். வளையலுக்குப் போக மிஞ்சிய கழிவு அது.

இப்படி மிஞ்சும் சங்கையும் சிப்பியையும் சுடுவதுதான் நமக்குத் தெரிந்த வழி. சூளையில் கரியோடு அடுக்கிச் சுட்டு நீற்றினால் சுவருக்கும் வெற்றிலைக்கும் சுண்ணாம்பு. மருத்துவர் புடம் போட்டால் சங்கு பற்பம். நூறு கிலோ சிப்பியைச் சுட்டால், நீற்றுமுன் ஏறக்குறைய 56 கிலோ நிற்கும்.

அந்தத் தீயில் ஒன்று வீணாகிறது. சிப்பி முழுக்கச் சுண்ணாம்புக்கல் அல்ல. சுவரில் செங்கலுக்கு நடுவே சாந்து மாதிரி, புரதமும் கைட்டினும் கலந்த மெல்லிய சவ்வு அடுக்கடுக்காக உள்ளே ஓடுகிறது. சிப்பி லேசில் உடையாததற்கு இதுவும் ஒரு காரணம். சுண்ணாம்பு வேகுமுன்னே இது கரிந்துவிடும்.

பார்க்க வேண்டுமா? ஒரு சிறு சிப்பித் துண்டை வினிகரில் போடுங்கள். பொங்கிப் பொங்கிக் குமிழி விடும். பழைய வினிகரைக் கொட்டிப் புதிது ஊற்றிக்கொண்டே வந்தால், கடைசியில் தொட்டால் துவளும் ஏடு ஏடான படலம் மிஞ்சும்.

இதைத் தொழிலாகச் செய்யலாமா என்றால், எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. சவ்வு பெரும்பாலும் நூற்றுக்கு ஐந்து பங்குக்கு உள்ளேதான். 100 கிராம் சிப்பியைக் கரைக்கவே இரண்டு லிட்டருக்கு மேல் வினிகர் வேண்டும்! கரைந்த சுண்ணாம்புச் சத்தையும் விற்கத் தெரிந்தவருக்கே கட்டும். மற்றவர்கள் சூளையையே நம்பலாம்.

ஆனால் சங்கின் வாயை அடைக்கும் பழுப்பு மூடி இருக்கிறதே, அது கதையே வேறு. அதில் சுண்ணாம்பு இல்லை. ஏறக்குறைய முழுவதும் புரதம். தனியாக எரித்தால் மயிர் பொசுங்கும் நாற்றம். பக்குவம் செய்து பொடித்து வாசனைப் பொருளோடு சேர்த்தாலோ மணத்தை நிறுத்திப் பிடிக்கும். ஊதுபத்திக்காரர்கள் அதை விலை கொடுத்து வாங்குவது அதற்காகத்தான். அமிலம் கேட்காத சரக்கு இது. நம் கடற்கரை வியாபாரிகள் ஆய்வுக்கூடத்துக்குக் காத்திருக்கவில்லை.

சங்கின் மேல் ஒட்டியிருக்கும் பழுப்புத் தோலும் இதே இனம்தான். மெருகு போடும்போது அதை உரசி எறிகிறார்கள். சிப்பியைக் கரைக்க நினைப்பவர்கள் முதலில் அந்தத் தோலைச் சோதித்துப் பார்க்கட்டும்.